முப்பத்தொரு கிலோ

ஆபீசில் அவளுக்கு வைத்திருந்த பெயர் முட்டுக்கட்டை. நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முகத்துக்கு எதிரே ‘மேடம்’, அந்தப் பக்கம் திரும்பினால் முட்டுக்கட்டை. பெயர் வைத்த புண்ணியவான் அவளுடைய மேனேஜர்தான். ஒரு நாள் காலைக் கூட்டத்தில், “எல்லாரும் ஓடிக்கிட்டு இருக்கோம், இவங்க ஒருத்தங்க மட்டும் முட்டுக்கட்டை போட்டுக்கிட்டே இருக்காங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கூட இருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். அவளும் சும்மா விடவில்லை, மனசுக்குள் அவருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டாள்: பச்சை.

ஏன் பச்சை என்றால், அந்த மனிதருக்கு வேறு நிறமே பிடிக்காது. கூட்ட அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. புரோகிராமில் யாராவது தப்பு கண்டுபிடித்தால் அதற்கு ஒரு சீட்டுப் போட வேண்டும், டிக்கெட் என்பார்கள். தப்பென்றால் அது ‘பக்’ என்ற வகையில் சேர்ந்து திரையில் சிவப்பாக எரியும். சரிசெய்தால் பச்சையாகிவிடும். தப்பெல்லாம் இல்லை, ‘இப்படி இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே’ என்று வாடிக்கையாளர் ஆசைப்பட்டால் அது ‘ரிக்வெஸ்ட்’. அதற்கு நிறமும் கிடையாது, கணக்கிலும் வராது. வியாழக்கிழமை சாயங்காலம் மேலிடத்துக்கு அறிக்கை போகும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பச்சை தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரும்போது பாதிச் சிவப்பு காணாமல் போயிருக்கும். ஒன்றையும் சரிசெய்திருக்க மாட்டார், பக் என்று இருந்ததை ரிக்வெஸ்ட் என்று மாற்றியிருப்பார், அவ்வளவுதான். ஆபீஸ் முழுக்க இது தெரியும். திரை பச்சையாக இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்பதால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. கணக்குப் படித்தவள். இருபத்திரண்டு வருஷமாக புரோகிராம் எழுதுகிறாள், அதில் பதினான்கு வருஷம் இதே கம்பெனியில். ஜன்னலோர நாற்காலி, உடைந்த கைப்பிடியில் சுற்றிய டேப், டிராயரில் தலைவலி மாத்திரை. புருஷன் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்க்காரர். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து அவரவர் மெஷினைத் திட்டித் தீர்ப்பார்கள். அவர் சிக்கிய பேப்பரைத் திட்டுவார், இவள் தன்னிடம் வந்து சிக்கிய மேனேஜரைத் திட்டுவாள். பிள்ளை இல்லை. அந்த இடத்தில் தங்கை இருந்தாள், பதினோரு வயது இளையவள். வாய்ப்பாட்டைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்து, பரீட்சைக்குப் பரீட்சை வாசலில் காத்து நின்று, நர்ஸ் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அக்காதான். “எனக்கு கம்ப்யூட்டர்னா அக்கா, அக்கான்னா கம்ப்யூட்டர்” என்று தங்கை தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்வாள். போனில் ஒரு ஆப் வேலை செய்யாவிட்டால்கூட இவளுக்குத்தான் கூப்பிடுவாள்.

அந்தத் தங்கை வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ஓடுவது இவள் கம்பெனியின் புரோகிராம்தான். நர்ஸ் கையில் ஒரு டேப்லெட் இருக்கும். குழந்தையின் பெயரைத் தொட்டு, மருந்தைத் தேர்ந்தெடுத்து, ‘கணக்கிடு’ என்று அமுக்கினால், குழந்தையின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று அதுவே சொல்லும். ஊரில் பாதி ஆஸ்பத்திரியில் இதுதான்.

நடந்தது இது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வலிப்போடு கிடந்த ஒரு பையனுக்குத் தங்கை ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் மூச்சு மந்தமானது. அதைக் கவனித்துச் சத்தம் போட்டு டாக்டரை வரவழைத்ததும் அவள்தான். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் போட்ட மருந்து, போட வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டேப்லெட்டைத் திறந்து பார்த்தால் எடை சரியாகவே இருக்கிறது. திரையில் வருகிற அளவை நர்ஸ் விரும்பினால் கையால் மாற்றவும் வழி உண்டு. ஆகவே நீதான் மாற்றியிருக்கிறாய், அல்லது கவனமில்லாமல் கை பட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரி முடிவு கட்டிவிட்டது.

அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் தங்கை யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே அக்கா வீட்டுக்கு வந்தாள். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, “அக்கா, ஸ்க்ரீன்ல வந்ததைத்தான் போட்டேன். சத்தியமா ஒண்ணையும் மாத்தல” என்று அழுதாள்.

“ஸ்க்ரீன் தப்பா காட்டாதுடி. எங்க புரோகிராம் அது, எனக்குத் தெரியாதா? ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்தாப்ல பாத்திருக்க. அசதியில கை பட்டிருக்கும். அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டுடு, விட்டுடுவாங்க.”

தங்கை காப்பி குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள்.

மூன்று வாரம் கழித்து மெமோ வந்தது. வேலையிலிருந்து தற்காலிக நீக்கம், அடுத்த மாதம் விசாரணை, குற்றம் நிரூபணமானால் நர்ஸ் பதிவே ரத்தாகும் என்று எழுதியிருந்தது. பதிவு போனால் எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் இனி ஊசியைத் தொட முடியாது. அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். கொடுத்த மருந்து அறுநூற்றிருபது மில்லிகிராம் என்று போட்டிருந்தது. கிலோவுக்கு இருபது வீதம், பதினான்கு கிலோப் பையனுக்கு இருநூற்றெண்பது போட்டிருக்க வேண்டும். கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா, அறுநூற்றிருபதை இருபதால் வகுத்துப் பார்த்தது. முப்பத்தொன்று. மீதியே இல்லாமல் முப்பத்தொன்று.

“ஏண்டி, உன் வார்டுல முப்பத்தொரு கிலோ யாரு?”

“பக்கத்து பெட் பொண்ணு. அவளைப் பாத்துட்டுத்தான் இவன்கிட்ட வந்தேன். ஏங்க்கா?”

“அந்த ரூம்ல சிக்னல் எப்படி இருக்கும்?”

“கடைசி ரூம். ஸ்க்ரீன்ல அந்த வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கும்.”

அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அசதியில் கை பட்டால் எந்த எண்ணும் வரலாம், ஆனால் பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் அளவு இவ்வளவு கச்சிதமாக வராது. குழந்தைகளின் பெயர்கள் டேப்லெட்டிலேயே இருக்கும், தொட்டவுடன் தெரியும். எடை மட்டும் சர்வரிலிருந்து வரவேண்டும். சிக்னல் சரியில்லாத இடத்தில் பெயர் மாறிவிட்டது, புது எடை இன்னும் வந்து சேரவில்லை. முந்தின குழந்தையின் எடை உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அந்த நாலைந்து நொடிக்குள் ‘கணக்கிடு’ என்று அமுக்கினால் இந்தப் பெயருக்கு அந்த எடையின் மருந்து வரும். அப்புறம் சரியான எடை வந்து சேர்ந்துவிடும், தடயமே இருக்காது. வலிப்பு வந்த குழந்தையை வைத்துக்கொண்டு எந்த நர்ஸ் நாலைந்து நொடி சும்மா நிற்பாள்?

“நாளைக்கே டிக்கெட் போடறேன். எவன் எப்படி இல்லேங்கறான்னு பாக்கறேன்” என்று கத்தினாள். மூன்று வாரம் முன்னால், இதே சமையலறையில், தான் என்ன சொன்னோம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் தலைக்கேறியிருந்தது, அதற்கெல்லாம் நேரம் ஏது.

மறுநாள் காலை டிக்கெட் போட்டாள். நாற்பது நிமிஷத்தில் பச்சை அதை மூடிவிட்டார். காரணம்: ‘எங்களிடம் இப்படி வரவில்லை.’ எப்படி வரும்? ஆபீசில் நெட் பறக்கும், எடை கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும். அவள் மறுபடி திறந்தாள். அவர் மறுபடி மூடினார். மூன்றாவது தடவை திறந்தபோது காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“மேடம், என் மெஷின்ல வரல, டெஸ்டிங்ல வரல. உங்க ஒருத்தங்களுக்கு மட்டும் எப்படி வருது? குடும்பத்துல ஏதோ பிரச்சினைன்னு கேள்விப்பட்டேன். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆபீஸ் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். கட்டடத்துக்குக் கீழே இரண்டாவது தளத்துக் கார் பார்க்கிங்கில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றாள். அங்கே சிக்னல் செத்துக் கிடக்கும். மாதிரிக் குழந்தைகள் இரண்டு பேரை வைத்து அமுக்கிப் பார்த்தாள். முதல் தடவையிலேயே வந்தது. பத்துத் தடவை அமுக்கினாள், ஒன்பது தடவை வந்தது. இன்னொரு கையில் போனைப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள். வியர்த்து வழிய மேலே வந்து அவர் மேஜையில் போனை வைத்தாள்.

பச்சை இரண்டு முறை பார்த்தார். “சரி, வருது. ஒத்துக்கறேன். ஆனா எத்தனை நர்ஸ் மேடம் கார் பார்க்கிங்ல நின்னு ஊசி போடறாங்க?”

“சார், ஒரு குழந்தை சாகப் பாத்துச்சு.”

“சாகலையே. இந்த வாரம் அறிக்கை போகணும். அப்புறம் பாக்கலாம்.”

கேட்டீர்களா பேச்சை! ‘சாகலையே’ என்று ஒரு மனுஷன் வாய் கூசாமல் சொல்வதை அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் கையில் எது கிடைத்திருந்தாலும் அவர் தலையில் போட்டிருப்பாள். போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை வழக்கம்போலக் கதவு சாத்திக்கொண்டது. திறந்தபோது அவளுடைய டிக்கெட் சிவப்பில் இல்லை. தேடிப் பார்த்தால் ரிக்வெஸ்ட் குவியலில் கிடந்தது. தலைப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. ‘வேறு குழந்தையின் எடையில் மருந்து கணக்கிடுகிறது’ என்று அவள் எழுதியிருந்தாள். இப்போது ‘சிக்னல் குறைவான இடங்களில் எடை சற்று விரைவாகத் தெரிந்தால் நன்றாக இருக்கும்’ என்று இருந்தது. பூசி மெழுகுவதற்கும் ஒரு அளவில்லையா? அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது. அந்தத் தேதியில் புரோகிராமில் பிழை இருந்ததாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று விசாரணைக்காகக் கேட்டிருந்தார்கள். பச்சை ஒரே வரியில் பதில் எழுதினார்: ‘பிழை எதுவும் பதிவாகவில்லை.’ அதில் பொய் என்று விரல் வைக்க ஒரு எழுத்து கிடையாது. பக் என்ற வகையில் ஒன்றுமே இல்லையே.

அவள் கண்ணாடி அறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு போனாள்.

“அதைத் திரும்ப பக்னு மாத்துங்க சார். என் தங்கச்சியோட பொழப்பு போகுது.”

பச்சை கோபப்படவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். லேப்டாப்பை நிதானமாக அவள் பக்கம் திருப்பினார். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதை யார் எழுதியது, எந்தத் தேதியில் என்று காட்டுகிற வசதி உண்டு. எடையைப் பிடித்துவைத்துக்கொள்கிற அந்த நாலு வரிக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி. மேலே புரோகிராமர்கள் தங்களுக்காக எழுதிவைக்கும் குறிப்பும் இருந்தது, அவள் கைப்படவே. ‘எடை வருமுன் அமுக்கினால் பழையது நிற்கலாம். பிறகு பார்க்க வேண்டும்.’

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. முதல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய நாள். அப்போது இதே ஆள் டீம் லீடர், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இந்தச் சந்தேகத்தைச் சொன்னாள். “அதெல்லாம் பெரிய விஷயமில்ல, பிறகு பாத்துக்கலாம், இப்ப அனுப்புங்க” என்றார். அனுப்பினாள். அப்புறம் தலைக்கு மேல் வேலை, யாருக்கு நினைவு. எழுதின வரிக்கெல்லாம் பெயரும் தேதியும் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் நின்று வாயால் சொன்னதற்கு என்ன இருக்கிறது?

“இது பக்னா, யாரோட பக் மேடம்?” என்றார் பச்சை, ரொம்ப அக்கறையாக. “நீங்களே யோசிங்க. ரிக்வெஸ்ட்னா உங்களுக்கும் நல்லது. இன்னொண்ணு, உள்விஷயத்தை வெளியில பேச மாட்டேன்னு நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.”

வீட்டுக்கு வந்து சோபாவில் பொத்தென்று விழுந்தாள். ரிப்பேர்க்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பச்சையைத் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டாள். புருஷன் கேட்டுக்கொண்டே கை விரல்களில் ஒட்டியிருந்த மையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பேப்பர் சிக்கினா மெஷினைப் பிரிச்சுத்தான் ஆகணும். அந்த ரோலரை நான்தான் மாட்டினேன்னு பிரிக்காம இருக்க முடியுமா?”

“வேலை போயிடும்ங்க.”

“போகட்டும்.”

“லேசா சொல்லிட்டீங்க.”

“லேசா ஒண்ணும் சொல்லல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா உன் தங்கச்சிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு.”

விசாரணைக்குத் துணையாக உறவுக்காரர் ஒருவரை அழைத்துவரலாம் என்று மெமோவில் இருந்தது. தங்கை அக்காவின் பெயரைக் கொடுத்திருந்தாள். அந்த நாலு நாளில் இரண்டு பேரும் போனில் பத்துத் தடவையாவது பேசியிருப்பார்கள். என்ன புடவை கட்டுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம் பேசினார்கள். அந்த நாலு வரியை எழுதியது யார் என்று மட்டும் அக்கா சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயெடுப்பாள், அப்படியே மென்று முழுங்கிவிடுவாள்.

ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில் ஒரு அறை. நீள மேஜை, நடுவில் தண்ணீர் பாட்டில்கள். விசாரிக்க ஒரு பெரிய டாக்டர், அவருக்குப் பக்கத்தில் தலைமை நர்ஸ். கம்பெனி சார்பில் யார் வந்திருக்கிறார் என்று பார்த்தால், இஸ்திரி கலையாத சட்டையோடு பச்சை. அவளைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் கறுத்து, உடனே சிரிப்பை இழுத்து ஒட்டிக்கொண்டது.

டாக்டர் கம்பெனியின் கடிதத்தைப் படித்தார். “பிழை எதுவும் பதிவாகவில்லைன்னு தெளிவா எழுதியிருக்காங்க. இதுக்கு மேல என்னம்மா சொல்லப்போறீங்க?”

தங்கை சொன்னதையே சொன்னாள். “ஸ்க்ரீன்ல வந்ததைத்தான் போட்டேன் டாக்டர்.” குரல் முன்னைப்போல உறுதியாக இல்லை. தனக்கே சந்தேகம் வந்தவள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அக்கா எழுந்துவிட்டாள். “டாக்டர், ஒரு அஞ்சு நிமிஷம். வார்டுல இருந்து ஒரு டேப்லெட் கொண்டுவரச் சொல்லுங்க. எல்லாரும் என்கூட லிஃப்டுக்கு வாங்க.”

“லிஃப்டுக்கா?”

“சார், இவங்க எங்க கம்பெனி ஸ்டாஃப்” என்று பச்சை இடையில் பாய்ந்தார். “இங்க பேச இவங்களுக்கு அதிகாரம் கிடையாது. மேடம், உட்காருங்க.”

“நான் இங்க ஸ்டாஃபா வரல, அக்காவா வந்திருக்கேன். நீங்க உட்காருங்க!”

பதினான்கு வருஷத்தில் அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தலைமை நர்ஸ் எழுந்துபோய் டேப்லெட்டோடு வந்தார். ஐந்து பேரும் லிஃப்டில் ஏறினார்கள். ஸ்ட்ரெச்சர் போகிற பெரிய லிஃப்ட், மருந்து நாற்றம், இரும்புச் சுவர். நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகப் புரோகிராமில் பொய்யாக இரண்டு நோயாளிகள் உண்டு, எழுபது கிலோப் பெரியவர் ஒருவர், பத்துக் கிலோக் குழந்தை ஒன்று. கதவு திறந்திருக்கும்போதே பெரியவரின் பெயரைத் தொடச் சொன்னாள். தலைமை நர்ஸ் தொட்டார். எழுபது என்று வந்தது. கதவு மூடியது, லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது.

“இப்ப குழந்தை பேரைத் தொடுங்கம்மா. அதே வலிப்பு மருந்து. கணக்கிடு அமுக்குங்க.”

குழந்தையின் பெயருக்குக் கீழே ஆயிரத்து நானூறு மில்லிகிராம் என்று வந்தது. இருநூறு வரவேண்டிய இடம். தலைமை நர்ஸ் டேப்லெட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கீழ்த்தளம் வந்து கதவு திறந்தது. வட்டம் சுற்றி நின்றது. உள்ளே எடை பத்து என்று நல்ல பிள்ளையாகத் தெரிந்தது. மருந்தின் அளவு மட்டும் ஆயிரத்து நானூறாகவே நின்றது.

லிஃப்டிலிருந்து யாரும் இறங்கவில்லை. பச்சைதான் தொண்டையைச் செருமினார். “சார், இதை நாங்க ஏற்கெனவே நோட் பண்ணியிருக்கோம். ஆனா டெக்னிக்கலா இது பக் கிடையாது, ரிக்வெஸ்டாத்தான் பதிவாகி...”

“என்ன ரிக்வெஸ்ட்?” தலைமை நர்ஸ் திரும்பினார். சின்ன உருவம், குரல் லிஃப்ட் முழுக்க அதிர்ந்தது. “குழந்தைக்கு அதோட எடைக்கு மருந்து குடுங்கன்னு நாங்க உங்ககிட்ட ரிக்வெஸ்ட் பண்ணணுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?” அப்புறம் டாக்டரைப் பார்த்தார். “போன வருஷம் இன்னொரு பொண்ணு இப்படித்தான், ஸ்க்ரீன்ல வந்ததைத்தான் போட்டேன்னு கதறினா. நான்தான் டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.”

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எப்போலேருந்து இப்படி இருக்கு?”

“ஆறு வருஷமா” என்றாள் அக்கா.

“யார் பண்ணின வேலை இது?”

பச்சை வாயைத் திறந்தார். சொல்லத்தான் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வாயால் அது வரக் கூடாது என்று வெறியே வந்தது.

“நான்தான். நான் எழுதினது. தப்பா இருக்கலாம்னு அப்பவே தெரியும், எழுதியும் வெச்சிருக்கேன். அனுப்பச் சொன்னவர் இவர். அதுக்கு என்கிட்ட எழுத்து எதுவும் இல்ல. ஆனா போன மாசம் இதை பக்லேருந்து ரிக்வெஸ்டா மாத்தினது யாரு, எத்தனை மணிக்குன்னு இருக்கு.” கைப்பையிலிருந்து அச்சடித்த காகிதத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். டிக்கெட்டை யார் திறந்தது, யார் மூடியது, தலைப்பை யார் திருத்தியது எல்லாம் நேரத்தோடு இருந்தது. பச்சை செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அதே சிஸ்டம் எழுதிவைத்திருந்தது. தன் திரையின் நிறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தோன்றியதே இல்லை.

மேலே போகவில்லை, கீழ்த்தளத்து வரவேற்பு மேஜையிலேயே எழுதி முடித்தார்கள். மெமோ ரத்து. எல்லா வார்டிலும் டேப்லெட்டை இப்போதே நிறுத்தி, கையால் கணக்குப் போடச் சொல்லி உத்தரவு. இந்தப் புரோகிராம் ஓடும் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் உடனே போன் போட்டார் டாக்டர். பச்சை போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். போகிற போக்கில், “திங்கக்கிழமை எச்.ஆர்.ல பாக்கலாம்” என்றார். “பாக்கலாம்” என்றாள் அவள். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்து கொதித்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

தங்கை வரவேற்பறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஜெயித்த முகத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிக்கொள்வாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். தங்கை மடியில் இருந்த ரத்து உத்தரவை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லியிருக்கணும்டி. நான் எழுதினதுன்னு உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு” என்றாள் அக்கா.

“அது பரவால்லக்கா. வேலையில தப்பு எல்லாருக்கும் வரும்.”

“அப்புறம் ஏன் இப்படி இருக்க? அந்த ஆளைப் பாத்தியா, பக்கை ரிக்வெஸ்டாம்! வாய் கூசாம...”

“அக்கா.” தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. “நான் முதல்ல உங்கிட்டதான் வந்தேன். ஸ்க்ரீன்ல வந்துச்சுன்னு சொன்னேன். நீ அசதின்னு சொல்லி முடிச்சுட்ட.”

அக்கா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“கம்ப்யூட்டர் தெரிஞ்ச நீயே சொல்றியேன்னு நானும் நம்பிட்டேன். நான்தான் அந்தக் குழந்தைய கொல்லப் பாத்தேன்னு நெனச்சுக்கிட்டு மூணு வாரம் இருந்தேன்க்கா. ஊசியைப் பாத்தாலே கை நடுங்குச்சு.” கையை நீட்டிக் காட்டினாள். “இப்பவும் நடுங்குது, பாரு.”